கீழ்த்தளத்தில் 400 பேர்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழின் கடல் வரலாற்றுப் பகுதியில் 'சிட்டி ஆஃப் கிளாஸ்கோ' என்ற நீராவிக் கப்பலைப் பற்றி ஒரு சிறு குறிப்பு வந்தது. 1850இல் கட்டப்பட்டு, லிவர்பூலிலிருந்து அமெரிக்காவுக்கு ஏழைக் குடியேறிகளை ஏற்றிச் சென்று, 1854 மார்ச்சில் சுமார் 480 பேரோடு காணாமல் போன கப்பல் அது. அதைப் படித்த வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: குடியேறிகளை ஏற்றி அட்லாண்டிக்கைக் கடந்த முதல் நீராவிக் கப்பல் இதுதானா?

பதில்: 'முதல்' என்று அடித்துச் சொல்ல முடியாது. 1847இலேயே 'சாரா சேண்ட்ஸ்' என்ற இரும்புக் கப்பல், குறைந்த கட்டணப் பயணிகளையும் சேர்த்துக்கொண்டு லிவர்பூலுக்கும் நியூயார்க்குக்கும் இடையே ஓடியது. ஆனால் ஏழைப் பயணிகளை நம்பியே ஒரு நீராவிக் கப்பல் நிறுவனம் லாபத்தோடு நடக்க முடியும் என்று காட்டிய பெருமை 'சிட்டி ஆஃப் கிளாஸ்கோ'வுக்குத்தான் உரியது. அதை 'முதல் கப்பல்' என்பதைவிட ஒரு 'தொடக்கம்' என்று சொல்வதே பொருத்தம்.

கிளாஸ்கோவின் டாட் அண்ட் மக்ரிகர் பட்டறை, யாரும் கேட்காமலே தன் சொந்தப் பணத்தில் இந்தக் கப்பலைக் கட்டி, 1850 பிப்ரவரியில் நீரில் இறக்கியது. ஏப்ரலில் கிளாஸ்கோவிலிருந்து நியூயார்க்குக்கு முதல் பயணம். அந்த ஆண்டின் கடைசியில் லிவர்பூல் வணிகர்களான ரிச்சர்ட்சன் சகோதரர்கள் அதை வாங்கினார்கள். அவர்களுடைய கூட்டாளி வில்லியம் இன்மன். அப்போது அவருக்கு வயது 25. டிசம்பரில் கப்பல் லிவர்பூலிலிருந்து பிலடெல்பியாவுக்குப் புறப்பட்டது. கீழ்த்தளத்தில் 400 பேருக்கு இடம் ஒதுக்கிக் குடியேறிகளை முறையாக ஏற்றத் தொடங்கியது 1852இல். அவர்கள் நடத்திய இந்த நிறுவனமே பின்னாளில் 'இன்மன் லைன்' என்று பெயர் பெற்றது.

அஞ்சல் மானியம் எதுவும் இந்தக் கப்பலுக்குக் கிடையாது. அதே காலத்தில் சாமுவேல் கூனார்டின் கப்பல்கள் பிரிட்டிஷ் அரசின் அஞ்சல் ஒப்பந்தப் பணத்தில் ஓடின. 1840இல் புறப்பட்ட கூனார்டின் 'பிரிட்டானியா'வில் 115 பேருக்குத்தான் இடம். எல்லோரும் அறை வகுப்புப் பயணிகள், கட்டணம் 30 கினிக்கு மேல். ஒரு கினி என்பது 21 ஷில்லிங், அதாவது ஒரு பவுண்டும் ஒரு ஷில்லிங்கும். குடியேறி ஒருவர் பாய்க்கப்பலில் 3 முதல் 5 பவுண்டுக்குள் போய்விடுவார். இன்மன் கேட்டது 6 முதல் 8 கினி. பாய்க்கப்பலைவிடக் கூடுதல்தான், ஆனால் அயர்லாந்தில் மாட்டை விற்றோ, முன்னால் போன அண்ணன் அனுப்பிய பணத்தைச் சேர்த்தோ ஒரு குடும்பத்தால் புரட்டக்கூடிய தொகை.

கேள்வி: 1838இலேயே 'சிரியஸ்', 'கிரேட் வெஸ்டர்ன்' இரண்டும் நியூயார்க் போய்விட்டன. அப்படியிருக்க, ஏழைகளுக்கு நீராவிப் பயணம் கிடைக்க ஏன் இத்தனை ஆண்டுகள் ஆயின?

பதில்: இந்த வரலாற்றின் உயிர்நாடியே இந்தக் கேள்விதான், அதனால் சற்று விரிவாகவே சொல்கிறோம்.

நீங்கள் சொன்ன இரண்டும் மரக் கப்பல்கள். இருபக்கமும் பெரிய துடுப்புச் சக்கரங்கள். அந்தச் சக்கரங்களைச் சுழற்றும் எந்திரமும் கொதிகலனும் கப்பலின் நட்டநடுவில் இருந்தாக வேண்டும். கப்பலிலேயே அகலமான, ஆட்டம் குறைந்த இடம் அது; பயணிக்குத் தர வேண்டிய இடத்தை எந்திரம் பிடித்துக்கொண்டது. அதைச் சுற்றி நிலக்கரி அறைகள். மீதமிருந்த ஓரங்களில் 100, 115 அறைப் பயணிகளை ஏற்றி, அதிகக் கட்டணம் வாங்கி, அதற்கும் மேல் அஞ்சல் பணம் வந்தால்தான் கணக்குச் சரிப்படும்.

மரத்திலும் ஒரு தடை உண்டு. மரக் கப்பல் நீளமானால் அலைமேல் முதுகு வளையும். அதைத் தாங்க விட்டங்களைத் தடிக்க வைக்க வேண்டும். விட்டம் தடித்தால் உள்ளிடம் குறையும். இரும்புத் தகட்டில் கட்டினால் சுவர் மெல்லியது, எடை குறைவு, உள்ளே இடம் அதிகம்.

சக்கரங்களின் பெரிய குறை நிலக்கரியோடு சம்பந்தப்பட்டது. புறப்படும் நாளில் கப்பல் நிலக்கரிச் சுமையால் ஆழ அமிழ்ந்திருக்கும். சக்கரமும் அளவுக்கு மீறி மூழ்கி நீரை வீணாகக் குத்தும். இரண்டு வாரம் எரித்துத் தீர்த்தபின் கப்பல் மேலெழும். அப்போது சக்கரம் நீரை வெறுமனே வருடும். சரியான ஆழம் பயணத்தின் நடுவில் சில நாட்களுக்கு மட்டும்தான். கப்பல் பக்கவாட்டில் உருளும்போது ஒரு சக்கரம் நீருக்குள் புதைந்து, மற்றது காற்றில் சுழலும், அச்சுத்தண்டு முறுக்கப்படும்.

திருகு விசிறி, அதாவது ப்ரொப்பெல்லர், இந்தத் தொல்லைகளில் பெரும்பாலானவற்றைத் தீர்த்தது. பின்புறத்தில் நீருக்கடியில் இருப்பதால் நிலக்கரி ஏறினாலும் இறங்கினாலும் அது பெரும்பாலும் மூழ்கியே இருக்கும். பக்கவாட்டில் பிதுக்கம் இல்லை, ஆகவே பாய்களையும் முழுதாக விரிக்கலாம். 1845 ஏப்ரலில் பிரிட்டிஷ் கடற்படை 'ராட்லர்' என்ற திருகுக் கப்பலையும் 'அலெக்டோ' என்ற சக்கரக் கப்பலையும் பின்னோடு பின் கட்டி இழுக்கவிட்டது. ராட்லர் மற்றதைச் சுமார் 2.8 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல்) வேகத்தில் பின்னோக்கி இழுத்துச் சென்றது.

இரும்பின் உறுதிக்குச் சான்று வேறொரு விபத்தில் கிடைத்தது. பொறியாளர் ப்ருனெல் இரும்பில் வடிவமைத்த 'கிரேட் பிரிட்டன்' 1846 செப்டம்பரில் அயர்லாந்தின் டண்ட்ரம் விரிகுடாவில் தரைதட்டி, ஒரு குளிர்காலம் முழுக்க அலையடி வாங்கியும் உடையவில்லை. மறு ஆண்டு ஆகஸ்டில் அதை மிதக்கவிட்டார்கள். மரக் கப்பலாக இருந்திருந்தால் விறகாகியிருக்கும்.

'சிட்டி ஆஃப் கிளாஸ்கோ' இந்த இரண்டையும் சேர்த்தது: இரும்பு உடல், ஒற்றைத் திருகு. நீளம் 227 அடி, அகலம் சுமார் 33 அடி, 1,609 டன். எந்திரம் 350 குதிரைத்திறன். வேகம் 8, 9 நாட்தான். வேகத்தில் யாரையும் முந்தவில்லை. முந்த முயலாததுதான் அதன் பலம்: சிறிய எந்திரம், குறைந்த நிலக்கரி, காற்று வாய்த்தால் மூன்று பாய்மரங்களின் உதவி. மிஞ்சிய இடத்தில் மனிதர்கள். லிவர்பூல்–நியூயார்க் தூரத்தைச் சுமார் 3,000 கடல்மைல் என்று வைத்துக்கொண்டால் 9 நாட் வேகத்தில் 14 நாள், 8 நாட்டில் 16 நாள். எதிர்க்காற்றில் மேலும் சில நாள் கூடும். பாய்க்கப்பலில் இதே வழிக்கு ஐந்தாறு வாரம் சாதாரணம்.

கேள்வி: 1,609 டன் என்பது கப்பலின் எடையா?

பதில்: இல்லை, கொள்ளளவு. பதிவு டன் என்பது கப்பலுக்குள் அடைபட்ட இடத்தின் அளவு. 1854 பிரிட்டிஷ் சட்டத்துக்குப் பிறகு 100 கன அடிக்கு ஒரு டன் என்று கணக்கிட்டார்கள். எத்தனை பேரை ஏற்றலாம் என்பதையும் இந்த எண்ணை வைத்தே சட்டம் தீர்மானித்தது. 1819ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் 5 டன்னுக்கு 2 பயணி என்றது. அந்தக் கணக்கில் 1,609 டன் கப்பலில் 643 பேர் வரை வரும். டன்னை மட்டும் பார்த்தால், சரக்கோடு சரக்காகப் பயணிகளை நெருக்கி அடைக்கலாம் என்பது சீக்கிரமே தெரிந்துபோயிற்று. அதனால் 1840களின் இறுதியில் தலைக்கு இத்தனை சதுர அடி என்ற கணக்கும் சேர்ந்தது: தளத்தின் உயரம் 6 அடி இருந்தால் ஒருவருக்கு 14 சதுர அடி. 400 பேருக்கு 5,600 சதுர அடி ஆகிறது. கப்பலின் நீள அகலத்தை அப்படியே பெருக்கினாலும் ஒரு தளத்துக்கு 7,500 சதுர அடிகூட இல்லை என்பதை நினைத்தால் நெருக்கம் புரியும். அது சட்டத்தை மதித்து நடத்திய கப்பலின் நெருக்கம்.

கேள்வி: கடல்நீரையே கொதிகலனில் ஊற்றினார்கள் என்று படித்தேன். உப்புப் படியாதா?

பதில்: படியும். அதோடு ஓயாமல் போராடுவதுதான் அக்காலக் கப்பல் எந்திரப் பொறியாளரின் அன்றாட வேலை.

எந்திரத்திலிருந்து வெளிவரும் நீராவியைக் குளிர்விக்க அதன்மேல் கடல்நீரைப் பீய்ச்சினார்கள். நன்னீரான நீராவி அந்த உப்புநீரில் கலந்து போய்விடும். அந்தக் கலவையில் ஒரு பகுதியைத்தான் மறுபடி கொதிகலனுக்கு அனுப்புவார்கள். ஆகவே கொதிகலனுக்குள் உப்பு ஏறிக்கொண்டே இருக்கும். கடல்நீரில் எடைக்கணக்கில் ஏறத்தாழ 32இல் 1 பங்கு உப்பு. அது 32இல் 2 பங்கைத் தாண்டி ஏறினால் எச்சரிக்கை. 3 பங்குக்கு மேல் போக விட்டால் குழாய்ச் சுவர்களில் கெட்டியான சுண்ணப் படிவு வேகமாகப் பிடிக்கும்.

கட்டுப்படுத்தும் முறை எளியது, ஆனால் விலை உண்டு. கொதிகலனின் அடியில் ஒரு திறப்பு; குறிப்பிட்ட இடைவெளியில் அதைத் திறந்து அடர்ந்த உப்புநீரைக் கடலுக்குள் பீய்ச்சி, புதுநீர் ஏற்றுவார்கள். உப்பை 2 பங்கில் நிறுத்த வேண்டுமானால் உள்ளே விடும் நீரில் பாதியை வெளியே தள்ள வேண்டும். 3 பங்கில் நிறுத்தினால் மூன்றில் ஒன்று. கொதிக்கும் நீரைக் கடலில் கொட்டுவது எரித்த நிலக்கரியைக் கொட்டுவதற்குச் சமம். பாதியைத் தள்ளும்போது வெப்பத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு வீணாகும்.

உப்பின் அளவை அறிய வெப்பமானி போதும். திறந்த பாத்திரத்தில் நன்னீர் 212 பாரன்ஹீட்டில் கொதிக்கும், கடல்நீர் 213.2இல்; இரு மடங்கு உப்புள்ள நீர் 214.4இல். கொதிகலனிலிருந்து ஒரு குவளை எடுத்துக் கொதிக்கவைத்துப் பார்த்தால் நிலவரம் தெரிந்துவிடும். சோம்பல்பட்டு விட்டுவிட்டால் படிவு தடித்து, தகட்டின் வெப்பம் நீருக்குப் போகாமல் தகடே பழுத்துப் பிதுங்கும். துறைமுகம் சேர்ந்ததும் ஆட்கள் உள்ளே இறங்கி உளியும் சுத்தியலும் கொண்டு படிவைக் கொத்தி எடுப்பார்கள். நீராவியையும் கடல்நீரையும் கலக்கவிடாமல் குழாய்கள் வழியே குளிர்விக்கும் முறைக்கு சாமுவேல் ஹால் 1834இலேயே காப்புரிமை பெற்றிருந்தார்; அது கப்பல்களில் பரவலானது 1860களில்தான்.

திருகுக் கப்பலுக்கே உரிய கோளாறு இன்னொன்று. அச்சுத்தண்டு கப்பலின் பின்சுவரைத் துளைத்து வெளியே போகும் இடத்தில் பித்தளைத் தாங்கி வைத்திருந்தார்கள். அது வேகமாகத் தேய்ந்து, தண்டு ஆடி, நீர் உள்ளே கசியும். பொறியாளர் ஜான் பென் 1854இல் 'லிக்னம் வைட்டே' என்ற மிகக் கடினமான மரத்தின் பட்டைகளைப் பதித்து, கடல்நீரையே மசகாக ஓடவிட்டார். இரும்பையும் பித்தளையையும் தோற்கடித்த தேய்மானத்தை மரம் தாங்கியது. நீண்ட பயணத்தில் திருகை நம்ப முடிந்தது இதற்குப் பிறகுதான் என்பது எங்கள் கணிப்பு.

கேள்வி: கீழ்த்தளப் பயணிகளுக்குச் சாப்பாடு யார் சமைத்தார்கள்?

பதில்: பாய்க்கப்பலில் அவரவரே. கப்பல் தருவது பச்சைப் பொருள் மட்டும். 1849 வாக்கில் பிரிட்டிஷ் சட்டப்படி பெரியவர் ஒருவருக்கு வாரத்துக்கு: பிஸ்கட் இரண்டரை பவுண்டு, கோதுமை மாவு 1 பவுண்டு, ஓட்ஸ் மாவு 5 பவுண்டு, அரிசி 2 பவுண்டு, சர்க்கரை அரை பவுண்டு, வெல்லப்பாகு அரை பவுண்டு, தேயிலை 2 அவுன்ஸ். தண்ணீர் நாளைக்கு 3 குவார்ட், அதாவது சுமார் 3.4 லிட்டர். குடிக்க, சமைக்க, கழுவ எல்லாம் அதற்குள்தான்.

பொருள் இருந்தும் பட்டினி கிடந்தவர்கள் உண்டு, காரணம் அடுப்பு. 200 பயணிக்கு 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலமுள்ள ஓர் அடுப்பு என்பது அமெரிக்கச் சட்டம் வைத்த அளவு. ஒரே நேரத்தில் அதில் எத்தனை பாத்திரம் ஏறும்? மேல்தளத்தில் திறந்தவெளியில் வரிசையில் நிற்க வேண்டும். வலுத்தவர் முந்துவார். புயல் அடித்தால் அடுப்பே மூட்ட மாட்டார்கள். இரண்டு மூன்று நாள் பிஸ்கட்டைத் தண்ணீரில் ஊறவைத்துத் தின்ன வேண்டியதுதான். அரைவேக்காட்டு ஓட்ஸ் கூழும் வேகாத அரிசியும் வயிற்றுப்போக்கைக் கொண்டுவந்தன. கைக்குழந்தையோடு தனியாக வந்த தாய் வரிசையில் நிற்பாளா, குழந்தையைப் பார்ப்பாளா?

1852இல் இன்மன் நிறுவனம் செய்த மாற்றம் எங்களுக்கு எந்திரத்தைவிடப் பெரிதாகப் படுகிறது. கப்பல் சமையல்காரர்களே சமைத்துப் பரிமாறினார்கள். பயணி தன் உணவைத் தானே கொண்டுவர வேண்டிய கட்டாயம் போயிற்று. பயணம் இரண்டு வாரமாகச் சுருங்கியதால் ஏற்ற வேண்டிய பொருளின் அளவும் குறைந்தது. ஒப்பிட்டுப் பாருங்கள்: 1855 அமெரிக்கச் சட்டம் ஒரு பயணிக்கு 60 காலன் நன்னீர், 20 பவுண்டு பிஸ்கட், 20 பவுண்டு உருளைக்கிழங்கு, அரிசி, ஓட்ஸ் மாவு, பயறு தலா 15 பவுண்டு, கோதுமை மாவு 10 பவுண்டு, உப்பிட்ட பன்றியிறைச்சி 10 பவுண்டு, எலும்பு நீக்கிய உப்பு மாட்டிறைச்சி 10 பவுண்டு, ஒரு பைண்ட் வினிகர் என்று பட்டியலிட்டது. நீண்ட பாய்ப் பயணத்துக்கான கணக்கு இது. 400 பேருக்குத் தண்ணீர் மட்டும் 24,000 காலன்.

கேள்வி: பாய்க்கப்பல்களில் அத்தனை பேர் இறந்தது எதனால்? நீராவி அதை எப்படிக் குறைத்தது?

பதில்: முதன்மையாக டைபஸ் காய்ச்சல், அதற்கடுத்து காலரா, வயிற்றுக்கடுப்பு. டைபஸுக்கு அன்று 'கப்பல் காய்ச்சல்' என்றே பெயர். 1847இல் அயர்லாந்துப் பஞ்சத்திலிருந்து தப்பி கனடாவுக்குப் போனவர்களில் 5,000க்கும் மேற்பட்டோர் கியூபெக் அருகே கிராஸ் ஈல் தீவில் புதைக்கப்பட்டார்கள்.

டைபஸைப் பரப்புவது உடையில் வாழும் பேன். இது 1909இல்தான் நிறுவப்பட்டது; கப்பல் மருத்துவர்கள் கெட்ட காற்றைத்தான் குற்றம் சொன்னார்கள். தொற்றியதிலிருந்து காய்ச்சல் தெரிய ஒன்று அல்லது இரண்டு வாரம் ஆகும். இதையும் பயண நாட்களையும் சேர்த்துப் பாருங்கள். ஆறு வாரப் பயணத்தில் நோய் ஒருவரிடமிருந்து அடுத்தவருக்கு, அவரிடமிருந்து இன்னொருவருக்கு என்று மூன்று சுற்று வரக்கூடும். இரண்டு வாரத்தில் ஒரு சுற்று முடியுமுன்னே கரை வந்துவிடும். காரணம் தெரியாமலே கிடைத்த பாதுகாப்பு இது. ஆனால் லிவர்பூலிலேயே நோய் தொற்றிக் கப்பலேறியவரை நீராவியாலும் காப்பாற்ற முடியவில்லை.

கெட்ட காற்றைப் பற்றிய தப்பான நம்பிக்கையும் ஒரு நல்ல விதியைத் தந்தது. 200 பயணிக்கு 12 அங்குலக் காற்றுக்குழாய்கள், முன்னால் ஒன்று பின்னால் ஒன்று, மேல்தளத்துக்கு மேல் நாலரை அடி உயரத்தில். ஒன்று கெட்ட காற்றை வெளியேற்ற, மற்றது நல்ல காற்றை இறக்க. கடல் கொந்தளிக்கும்போது கதவுகளை அடைத்தாலும் இவை திறந்திருக்கும்.

1855 சட்டத்தில் இன்னொரு பிரிவு: வழியில் நோயால் இறந்த, 8 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொரு பயணிக்கும் கப்பல் தலைவர் 10 டாலர் கட்ட வேண்டும். ஓர் உயிருக்கு 10 டாலர் என்று நினைத்தால் மனம் கசக்கிறது. ஆனாலும் அதுவரை பயணியின் சாவால் கப்பலுக்கு எந்தச் செலவும் இருந்ததில்லை.

கேள்வி: 1853இல் அமெரிக்கா செல்லும் ஓர் அயர்லாந்துக் குடும்பத்தைப் பற்றிக் கதை எழுதுகிறேன். குவீன்ஸ்டவுன் துறைமுகத்தில் நீராவிக் கப்பல் ஏறுவதாக எழுதலாமா?

பதில்: வேண்டாம். இன்மன் கப்பல்கள் குவீன்ஸ்டவுனில் நிற்கத் தொடங்கியது 1859இல். 1853இல் உங்கள் குடும்பம் முதலில் டப்ளினிலோ கார்க்கிலோ ஒரு சிறு நீராவிக் கப்பலின் திறந்த தளத்தில், மாடு பன்றிகளோடு நின்றபடி லிவர்பூலுக்கு வர வேண்டும்.

லிவர்பூலில்தான் உங்கள் கதைக்குத் தேவையான காட்சிகள் இருக்கின்றன. கரையில் இறங்கியதும் தரகர்கள் மூட்டையைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவார்கள். பின்னாலேயே ஓடி அவர்கள் காட்டும் விடுதியில் தங்க வேண்டியதுதான். மருத்துவர் முன் வரிசையில் நின்று நாக்கை நீட்டிக் காட்டினால் பயணச்சீட்டில் முத்திரை விழும். சில விநாடிகளில் முடியும் சோதனை. வைக்கோல் மெத்தை, தகரத் தட்டு, குவளை, தண்ணீர்க் கலம் ஆகியவற்றைக் கடையில் வாங்கிக்கொள்வார்கள். கப்பலில் பலகைக் கட்டில்கள் இரண்டு அடுக்கு. ஒன்றின் நீளம் 6 அடி.

நியூயார்க்கில் இறங்குவதாக எழுதினாலும் தவறு. 'சிட்டி ஆஃப் கிளாஸ்கோ' அப்போது பிலடெல்பியாவுக்கு ஓடியது. கடலிலிருந்து டெலவேர் ஆற்றில் சுமார் 100 மைல் உள்ளே போக வேண்டும். பென்சில்வேனியா ரயில்பாதை 1852 டிசம்பரில் பிட்ஸ்பர்க் வரை எட்டிவிட்டது. உள்நாட்டுக்குப் போகிறவருக்கு அது வசதி. குளிர்காலத்தில் ஆறு உறைந்து தொல்லை கொடுத்ததால் 1857இல் நிறுவனம் நியூயார்க்குக்கு மாறியது. நியூயார்க்கின் காசில் கார்டன் குடியேறிகள் நிலையம் திறந்தது 1855இல், எல்லிஸ் தீவு 1892இல். இரண்டும் உங்கள் கதையில் வர முடியாது.

கேள்வி: இந்தக் கப்பலின் மாதிரியை 1:200 அளவில் செய்கிறேன். எதில் கவனம் வேண்டும்?

பதில்: நீளம் ஏறத்தாழ 34.6 செ.மீ., அகலம் 5 செ.மீ. வரும். மூன்று பாய்மரங்கள், முன்னிரண்டில் குறுக்குப் பாய்கள், கடைசியில் நெடுக்குப் பாய். ஒற்றைப் புகைபோக்கி. பக்கச் சக்கர உறை வைத்துவிடாதீர்கள். 'அக்கால நீராவிக் கப்பல்' என்று விற்கும் உதிரிகளில் பெரும்பாலும் அது இருக்கும்.

கேள்வி: 1854இல் கப்பல் எப்படி மறைந்தது?

பதில்: மார்ச் 1ஆம் தேதி லிவர்பூலை விட்டது, பிலடெல்பியாவுக்கு வரவில்லை. உயிர் தப்பியவரும் இல்லை, உடலும் கிடைக்கவில்லை. கம்பியில்லாத் தந்தி இல்லாத காலம். அட்லாண்டிக்கின் அடியில் நிலைத்த தந்திக் கம்பி வந்ததே 1866இல்தான். கப்பல் வரவில்லை என்ற செய்தியே அடுத்த கப்பலில்தான் லிவர்பூல் போகும். காற்றில் வேறு திசைக்குப் போயிருக்கும், எந்திரம் நின்று பாயில் வந்துகொண்டிருக்கும் என்று வாரக்கணக்கில் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பருவத்தின் ஆபத்துகளை மட்டும் சொல்லலாம். மார்ச்சில் கனடாவின் கிழக்குக் கரையில் உள்ள நியூஃபவுண்ட்லாந்து அருகே வடக்கிலிருந்து பனிப்பாறைகள் இறங்கத் தொடங்கும். மூடுபனியும் அங்கேதான் அதிகம். இரும்புக் கப்பலுக்கு இன்னொரு சிக்கல், திசைகாட்டி. பட்டறையில் ஒரே திசையில் கிடந்து சம்மட்டி அடி வாங்கிய இரும்பு உடல் தானே ஒரு காந்தமாகிவிடும். 1838இல் ஜார்ஜ் எய்ரி என்ற வானியலாளர் 'ரெயின்போ' என்ற கப்பலில் எதிர்க் காந்தங்கள் வைத்து இதைச் சரிசெய்யும் முறையைக் காட்டினார். ஆனால் புதுக் கப்பல் அலையில் அடிபடும்போது அதன் காந்தத் தன்மை மாறும். சரிசெய்த காந்தமே அப்போது பிழை காட்டும். ஊசி 5 பாகை தவறினால், 200 கடல்மைல் ஓடிய ஒரு நாளில் கப்பல் 17 கடல்மைல் விலகிப் போயிருக்கும். அதே 1854 ஜனவரியில் 'டெய்லர்' என்ற புது இரும்புப் பாய்க்கப்பல், திசைகாட்டிகள் ஒன்றுக்கொன்று முரண்பட்ட நிலையில் டப்ளின் அருகே லாம்பே தீவில் மோதி 300க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 'சிட்டி ஆஃப் கிளாஸ்கோ' நான்காண்டு ஓடிய கப்பல் என்பதால் அதற்கும் இதுவே காரணம் என்று நாங்கள் சொல்ல மாட்டோம்.

அதே ஆண்டு செப்டம்பரில் இன்மன் நிறுவனத்தின் 'சிட்டி ஆஃப் பிலடெல்பியா' முதல் பயணத்திலேயே நியூஃபவுண்ட்லாந்தின் கேப் ரேஸ் முனை அருகே தரைதட்டி அழிந்தது; அதில் எல்லோரும் பிழைத்தார்கள். கிரிமியப் போருக்குக் கப்பலை வாடகைக்கு விடும் நிலை வந்தபோது, போரை ஏற்காத குவேக்கர் சமயத்தினரான ரிச்சர்ட்சன் சகோதரர்கள் விலகினார்கள். இன்மன் தொடர்ந்து நடத்தினார். 1860களின் இறுதிக்குள் அட்லாண்டிக்கைக் கடந்த குடியேறிகளில் மிகப் பெரும்பாலோர் நீராவிக் கப்பலுக்கு வந்துவிட்டார்கள்.

கேள்வி: அக்காலப் பயணிகளின் பெயர்ப் பட்டியலை எங்கே தேடுவது?

பதில்: 1819 சட்டப்படி, 1820 முதல் ஒவ்வொரு கப்பல் தலைவரும் பயணிகள் பட்டியலை அமெரிக்கத் துறைமுகச் சுங்க அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். பெயர், வயது, பாலினம், தொழில், எந்நாட்டவர், எங்கே குடியேறப் போகிறார், வழியில் இறந்தாரா என்பவை இருக்கும். அவை அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. பிரிட்டனிலிருந்து புறப்பட்டவர்களின் பட்டியல்கள் 1890க்குப் பிறகே தொடர்ச்சியாகப் பாதுகாக்கப்பட்டுள்ளன. 1850களுக்கு வந்துசேர்ந்த இடத்தில்தான் தேட வேண்டும்.

நேராகப் பட்டியலுக்குப் போகாமல், முதலில் 1900 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கைப் பாருங்கள். குடியேறிய ஆண்டைக் கேட்டு எழுதியிருப்பார்கள். ஆண்டு தெரிந்தால் தேடல் பாதியாகும். பெயரின் எழுத்துகளை நம்ப வேண்டாம். காதில் விழுந்தபடி எழுதியவை. ஊர்ப் பெயரை எதிர்பார்க்காதீர்கள், பெரும்பாலும் 'அயர்லாந்து' என்று மட்டும் இருக்கும். இன்மன் நிறுவனம் பழைய பெயர்களைப் புதுக் கப்பல்களுக்கும் வைத்ததால் ஆண்டோடு சேர்த்தே கப்பலை அடையாளம் காணுங்கள்: 'சிட்டி ஆஃப் பாரிஸ்' 1866இலும் உண்டு, 1889இலும் உண்டு.

1854 மார்ச்சில் 'சிட்டி ஆஃப் கிளாஸ்கோ'வில் ஏறிய ஒருவரைத் தேடுகிறீர்கள் என்றால் இந்த வழி உதவாது. பட்டியல் சுங்க அதிகாரியின் கைக்குப் போவது கப்பல் கரைசேர்ந்த பிறகுதான். அந்தப் பயணத்தின் பட்டியல் கப்பல் தலைவரின் மேசையோடு கடலுக்குள் போய்விட்டது. பிப்ரவரி கடைசியில் லிவர்பூலிலிருந்து எழுதிய கடிதம், அதன்பின் எந்தப் பதிவிலும் வராத ஒரு பெயர் என்று குடும்பக் காகிதங்களில்தான் அவர்களைத் தேட வேண்டும்.